பிரெஞ்சு அரைகுறை, நர்ஸ் ஆக ஆசை: ரீயூனியனில் நடக்குமா?

கேட்டவர் காரைக்காலில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ அறிவியல் படித்தவர். கல்யாணமாகி, இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்கு வந்து நாலு வருஷம், வயது 27. பிரெஞ்சு பி 1, அதாவது நடுத்தர அளவில் இருக்கிறது. சேன் பியேர் பக்கம் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இரண்டு வருஷமாக இருக்கிறார். "அக்கா, நமக்கு வராத பாஷையில் நர்சிங் படித்துத் தேற முடியுமா? இல்லை, ஊருக்குப் போய் இங்கிலீஷில் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு வருவதுதான் நல்லதா?" என்பது அவருடைய கேள்வி.

தங்கச்சி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நாலு வருஷமும் பல லட்சமும் போய்விடும். வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய நர்சிங் சான்றிதழ் பிரான்சில் அப்படியே செல்லாது. ரீயூனியன் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம், சட்டமெல்லாம் பாரீஸ் சட்டம்தான். இந்தியாவில் நாலு வருஷம் படித்துவிட்டு இங்கே வந்து, மறுபடி பிரெஞ்சில் பரீட்சை, மறுபடி பள்ளி என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே வேலை பார்க்கப் போகிறீர்கள் என்றால் இங்கேயே படியுங்கள்.

முதல் கேள்விக்கு, முடியும். நான் புதுச்சேரிக்காரி. சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் வீட்டில் பிறந்தவள் இல்லை, அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனவள். அதனால் பிரெஞ்சு என்பது எனக்கு "மிசே", "மெர்சி"யோடு சரி. இங்கே வந்து முதியவர் வீடுகளில் வேலை, பிறகு எத் சுவாஞாந்த், அதாவது நர்சுக்குத் துணையாக நோயாளியைக் குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் படுக்கவைக்கும் வேலை, அதற்கப்புறம் நர்சிங் பள்ளி. இப்போது வார்டில் நர்ஸ், பயிற்சிக்கு வரும் மாணவிகளைக் கவனிக்கும் பொறுப்பும் இருக்கிறது. அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தவள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

உள்ளே நுழையும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீவில் நர்சிங் பள்ளி, அதாவது இஃப்சி, சேன் தெனியில் ஒன்றும் சேன் பியேரில் ஒன்றும் இருக்கிறது. பழைய நுழைவுத் தேர்வை 2019இல் எடுத்துவிட்டார்கள். பள்ளிப் படிப்பு முடித்தவர்கள் பார்கூர்சுப் என்ற இணையதளம் வழியாக விண்ணப்பிக்கிறார்கள். உங்கள் பிளஸ் டூ சான்றிதழைக் கோர்ட்டு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து பிரெஞ்சில் மாற்றி அதே வழியில் போகலாம். ஆனால் உங்களுக்கு இன்னொரு கதவு திறக்கப்போகிறது. மூன்று வருஷம் வேலை பார்த்து சமூகப் பாதுகாப்புக்குப் பணம் கட்டியவர்களுக்குத் தனித் தேர்வு உண்டு. 20 நிமிஷ நேர்காணல், அரை மணி எழுத்து, அரை மணி எளிய கணக்கு. இப்போது பார்க்கும் வேலையிலேயே இன்னும் ஒரு வருஷம் இருந்தால் அந்தக் கணக்கு நிறைகிறது. சம்பளச் சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

மூன்றாவது வழி நான் போன வழி. முதலில் எத் சுவாஞாந்த் படிப்பு. 2021க்குப் பிறகு அது 1540 மணி நேரம், ஏறக்குறைய 11 மாதம், பாதி வகுப்பு, பாதி வார்டு. அதில் சேர எழுத்துத் தேர்வு கிடையாது, விண்ணப்பக் கோப்பும் நேர்காணலும்தான். மூன்று வருஷ அனுபவம் உள்ள எத் சுவாஞாந்த்துகள் மூன்று மாதத் தனிப் பயிற்சி முடித்து நேராக நர்சிங் இரண்டாம் ஆண்டில் சேரவும் 2023இல் வழி செய்தார்கள். சுற்றி வளைத்த பாதை என்று வீட்டில் சொல்வார்கள். என் கணிப்பில், பாஷை புதிதாக இருப்பவர்களுக்கு இதுதான் குறுக்கு வழி. சம்பளம் வாங்கிக்கொண்டே காதைப் பழக்கலாம்.

காது என்று ஏன் சொல்கிறேன் என்பதுதான் இந்தப் பதிலில் முக்கியம்.

நான் படித்தது 2009ஆம் ஆண்டுப் பாடத்திட்டம். மூன்று வருஷம், ஆறு அரையாண்டு, 4200 மணி நேரம். அதில் 2100 மணி வகுப்பு, 2100 மணி ஸ்தாஜ், அதாவது ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் மனநல மருத்துவமனையிலும் நேரடிப் பயிற்சி. வாரத்துக்கு 35 மணி வீதம் 60 வாரம். உங்கள் காலத்தில் பாடத்திட்டம் மாறினாலும் பாதிப் படிப்பு வார்டில்தான் நடக்கும். நம்மவர்கள் பயப்படுவது புத்தகத்துக்கு. பாஷையால் விழுபவர்கள் பெரும்பாலும் வார்டில் விழுகிறார்கள்.

புத்தக பிரெஞ்சு உண்மையில் நல்ல பிள்ளை. ஓடாது, உட்கார்ந்திருக்கும். புரியாத பக்கத்தை நாலு தடவை படிக்கலாம். உடற்கூறு, உடலியங்கியல் எல்லாவற்றையும் நான் முதலில் தமிழில் படித்தேன். என் பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தை அம்மா பார்சலில் அனுப்பினாள். சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்பது தமிழில் மண்டையில் ஏறிவிட்டால், பிரெஞ்சு வகுப்பில் புதிதாகப் பெயரை மட்டும் மாட்டினால் போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கினால்தான் முதுகு உடையும். பெயர்களில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு உறுப்புக்கும் சந்தைப் பெயர் ஒன்று, மருத்துவப் பெயர் ஒன்று. கல்லீரல் வீட்டில் 'ஃபுவா', நோயின் பெயரில் 'எப்பாத்'. சிறுநீரகம் வீட்டில் 'ரேன்', நோயில் 'நெஃப்ரோ'. கிரேக்க வேர் ஒரு நாற்பது ஐம்பதைத் தனி நோட்டில் எழுதிப் படித்தால் பாதி அகராதி கைக்கு வந்துவிடும். இந்த விஷயத்தில் பிரெஞ்சுப் பிள்ளைகளும் நம்மைப் போலப் புதிதாகத்தான் படிக்கிறார்கள். அப்புறம், ஆறு அரையாண்டிலும் இங்கிலீஷ் ஒரு பாடம். அந்த ஒரு மணி நேரம் நீங்கள் ராணி.

அதே இங்கிலீஷ் சில இடத்தில் காலை வாரும். நம் ஊரில் 'இன்ஃப்யூஷன்' என்றால் நரம்பில் ஏற்றும் டிரிப்ஸ். இங்கே 'ஆன்ஃப்யூசியோன்' என்றால் வெந்நீரில் இலை போட்டுக் குடிக்கும் கஷாயம். டிரிப்ஸுக்கு 'பெர்ஃப்யூசியோன்'. எச்.ஐ.வி. இங்கே 'வே-இ-ஆஷ்', எம்.ஆர்.ஐ. 'இ-எர்-எம்', டி.என்.ஏ. 'ஆ-தே-என்'. எழுத்தெல்லாம் தலைகீழ். 'பசேன்' என்ற சொல்லுக்கு அகராதியில் குளம், தொட்டி என்று போட்டிருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தாத்தா மணியடித்து அதைக் கேட்டால் பெட்பேனை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

இப்போது காதுக்கு வருகிறேன். தமிழில் ஒரே 'ப' தான். பிரெஞ்சில் மீனுக்கு ஒரு 'ப', பானத்துக்கு இன்னொரு 'ப'. இரண்டையும் தமிழில் எழுதினால் 'புவாசோன்' தான். முதல் ஸ்தாஜில் ஆபரேஷனுக்குப் போக வேண்டிய அம்மாவுக்குக் குடிக்க எதுவும் கொடுக்காதே என்று சொன்னார்கள். மீன் கொடுக்காதே என்று நான் புரிந்துகொண்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் மீனுக்கு மட்டும் என்ன தடை என்று எனக்கே குழப்பமாக இருந்ததால் போய்க் கேட்டேன். அந்தக் குழப்பம்தான் என்னைக் காப்பாற்றியது. முழங்காலுக்கு 'மேலே' என்பதும் 'கீழே' என்பதும் இன்னொரு ஜோடி. தமிழில் எழுதினால் இரண்டும் 'தெசு'. ஒன்றில் உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொல்ல வேண்டும், மற்றதில் சாதாரண 'ஊ'. கட்டுப் போடும் இடம் மாறிப்போகும். எனக்கு இன்றைக்கும் பயமுள்ள ஜோடி, 'தெ ஸேர்', 'தூ ஸேர்'. முதலாவது இரண்டு மணி நேரம், அடுத்தது பன்னிரண்டு மணி நேரம். மருந்தை எத்தனை மணிக்கு ஒருமுறை கொடுப்பது என்ற பேச்சில் இந்த இரண்டும் மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் பிரெஞ்சுச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். இங்கே நான் எழுதுவது உங்களுக்கு விளக்குவதற்காக. நோட்டில் பிரெஞ்சு எழுத்திலேயே எழுதி, வாய்விட்டுச் சொல்லி, இன்னொருவர் காதில் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக்காரர் இங்கே பள்ளிக்கூடம் படித்தவர் என்றால் அவரைச் சோபாவில் உட்காரவைத்து, நீங்கள் சொல்வது மீனா பானமா என்று சொல்லச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒரு மாதம் இதுதான் இரவு நேரப் பொழுதுபோக்கு.

எண்கள் தனிக் கதை. எழுபதுக்கு இங்குள்ள பிரெஞ்சில் தனிச் சொல் கிடையாது, அறுபது-பத்து. தொண்ணூறு, நாலு-இருபது-பத்து. எழுத்தில் படித்தால் வேடிக்கை, போனில் கேட்டால் வேதனை. ஒருநாள் லேப்பிலிருந்து கூப்பிட்டு ஒருவருக்குத் தட்டணுக்கள் குறைவு, எழுபத்தேழாயிரம் என்றார்கள். காதில் அறுபது விழுந்ததும் கை 6 எழுதிவிட்டது. அடுத்து ஏழு விழுந்தது, 7 எழுதினேன். நடுவில் வந்த பத்து காற்றோடு போய்விட்டது. மறுமுனையில் இருந்த பெண் "திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேட்டபோதுதான் தப்பு வெளியே வந்தது. அன்றிலிருந்து எண்ணை முழுதாகத் திருப்பிச் சொன்ன பிறகு ஒவ்வொரு இலக்கமாகவும் சொல்வேன். "எழுபத்தேழு, ஏழு, ஏழு." யாரும் சிரித்ததில்லை.

எழுதும் விதமும் வேறு. நம் ஊரில் 120/80 என்பதை இங்கே பன்னிரண்டு-எட்டு என்பார்கள். சர்க்கரை நமக்கு 180 என்றால் இங்கே 1,80 கிராம். நாம் புள்ளி வைக்கும் இடத்தில் இவர்கள் கமா போடுவார்கள். கையெழுத்தில் இவர்களுடைய 1க்கு மேலே நீளமாக ஒரு கொம்பு இருக்கும், நம் கண்ணுக்கு அது 7. இவர்களுடைய 7க்கு இடுப்பில் ஒரு கோடு. முதல் வாரமே இதைப் பழகிக்கொள்ளுங்கள். நம் 7ஐ இவர்கள் 1 என்று படிக்கலாம், அதனால் நீங்களும் கோடு போடுங்கள்.

இனி சொல்வது பாஷை மாதிரித் தெரியாது, ஆனால் பாஷைதான். நாம் வளர்ந்த விதத்தில், பெரியவர் பேசும்போது குறுக்கே கேட்காமல் இருப்பது மரியாதை. புரிகிறதோ இல்லையோ "உய், உய்" என்று தலையை ஆட்டுவோம். அந்தத் தலையாட்டலும் மேலும் கீழும் போகாமல் பக்கவாட்டில் போகும். என் முதல் ஸ்தாஜில் பொறுப்பு நர்ஸ் ஒருவர் எதைச் சொன்னாலும் நான் அப்படியே ஆட்டினேன். ஆமாவா இல்லையா என்று அவருக்குப் புரியவில்லை. இடைக்கால மதிப்பீட்டில் "ஆர்வம் இல்லை, பங்கேற்பு இல்லை" என்று எழுதிவிட்டார். ராத்திரி முழுக்க அழுதேன். அடக்கமாக இருந்ததற்குத் தண்டனையா என்று. அந்த அம்மாள் விளக்கம் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும்போது அவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்றும் தெரிகிறது. கேள்வி கேட்காத மாணவி ஒன்று கவனிக்கவில்லை, இல்லை ஒளிக்கிறாள்.

அதனால் முதல் நாளே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். "என் தாய்மொழி தமிழ். வேகமாகப் பேசினால் சிலது தவறும். நான் திருப்பிச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள்." மூன்றே வாக்கியம். இதைச் சொல்லிவிட்டு வரும் மாணவியை நம்பி நோயாளியைக் கொடுக்க முடிகிறது. எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டும் மாணவியிடம் மாத்திரைத் தட்டைக் கொடுக்க எனக்குக் கை வராது. பிரெஞ்சு தாய்மொழியாக உள்ள மாணவியானாலும் அப்படித்தான்.

இத்தனையும் பிரெஞ்சு. நீங்கள் வேலை பார்க்கும் வீடுகளில் அந்தப் பாட்டி தாத்தாக்கள் பிரெஞ்சா பேசுகிறார்கள்? இந்தத் தீவின் பேச்சு மொழியான கிரியோல்தானே. டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழிப் பரீட்சை கிரியோலைச் சோதிக்காது, ஆனால் கட்டிலில் படுத்திருப்பவர் அதில்தான் வலிக்கிறது என்பார். டாக்டர் வந்தால் தட்டுத்தடுமாறி பிரெஞ்சு பேசுவார், அவர் போனதும் நம்மிடம் கிரியோலில் உண்மையைச் சொல்வார். எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்பது நமக்கு என்ன புதுசா? பள்ளிக்கூடத்தில் செந்தமிழ், ஆயாவிடம் பேச்சுத் தமிழ் என்று வளர்ந்தவர்கள்தானே. பாரீசிலிருந்து வரும் பிள்ளைகளைவிட நமக்கு இது சீக்கிரம் பிடிபடுகிறது.

ஆனால் பொறி உண்டு. ஒரு கிராமூன், இங்கே முதியவர்களை அப்படித்தான் சொல்வார்கள், காலையில் "மி கேஞ் பா தோர்மி" என்றார். பிரெஞ்சில் 'கஞ்ஞே' என்றால் ஜெயிப்பது, சம்பாதிப்பது. தூக்கத்தில் என்ன ஜெயிப்பது என்று விழித்தேன். கிரியோலில் 'கேஞ் பா' என்றால் முடியவில்லை. தூங்க முடியவில்லை என்கிறார். "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டால் "லே லா" என்பார்கள். ஏதோ இருக்கிறேன் என்பது போல. நல்லா இருக்கிறார் என்று எழுதிவிட்டு நகராதீர்கள், முகத்தைப் பாருங்கள். 'செசீஸ்மான்' என்று ஒன்று சொல்வார்கள், திடுக்கிட்டதில் உடம்புக்கு வந்தது என்று. நம் ஊரில் பயந்து காய்ச்சல் வந்தது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவோமே, அந்தக் குடும்பம். சிரிக்காமல் கேட்டு, அதையே அவர் வார்த்தையில் எழுதினால் டாக்டருக்கு உதவும். வீட்டில் என்ன கஷாயம் குடித்தார் என்றும் கேளுங்கள். வயிற்றுக்கு அயபானா, காய்ச்சலுக்கு ஃப்ளர் ஜோன் என்று இங்கே எல்லா வீட்டிலும் ஏதாவது ஒரு இலை கொதித்துக்கொண்டிருக்கும். கேட்டால்தான் சொல்வார்கள்.

நமக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வசதியும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம்மவர்களின் வழியில் வந்த மலபார்கள் தமிழ் பேசுவதில்லை. ஆனால் கறிவேப்பிலை அவர்களுக்கு 'கலுபிலே', பீர்க்கங்காய் 'பிப்பங்காய்', முருங்கை 'முருங்', கொத்தமல்லி 'கொத்தொமிலி'. இந்தத் தீவில் நீரிழிவு பிரான்ஸ் பெருநிலத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் நர்ஸ் வேலை நடக்காது. ஒருமுறை இன்சுலின் போடும் மலபார் தாத்தா ஒருவர் தட்டை அப்படியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். சாப்பிட மறுக்கிறார் என்று குறிப்பில் எழுதியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "கரேம்" என்றார், மெதுவாக. விரதம். பாண்டியாலே கோவிலில் மகன் தீ மிதிக்கப் போகிறானாம், வீடே விரதம். பாண்டியாலே என்பது நம் பாஞ்சாலிதான். தட்டில் கோழி இருந்தது, அவர் தொடுவாரா? கோழியை எடுத்துவிட்டுச் சோறும் பருப்பும் வரவழைத்தோம். சாப்பாட்டு நேரத்தையும் இன்சுலினையும் டாக்டர் பார்த்துச் சரிசெய்தார். எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை, திரௌபதி அம்மன் கோவில் திருவிழாதான் சொல்லித்தந்தது.

வலியைப் பற்றி ஒன்று. வலியைச் சொல்லத் தமிழில் இருப்பது போல வளம் வேறு எங்கே என்று எனக்கு ஒரு கர்வம். குத்துகிறது, கடுக்கிறது, எரிகிறது, குடைகிறது, விண்விண் என்று தெறிக்கிறது, சுருக்கென்று பாய்கிறது. ஒரு பக்கத்தில் இவற்றை எழுதி, எதிரே பிரெஞ்சுச் சொல்லை டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். விண்விண் என்பது 'ப்யுல்சாத்தில்'. சுருக்கென்று பாய்வது 'எலான்ஸ்மான்'. இழுப்பதற்கு 'சா தீர்', நம் சொல்லேதான். நெஞ்சை இறுக்குகிறது என்பதற்கு 'சா செர்'. அதைக் கேட்டால் எழுதிக்கொண்டு நிற்காதீர்கள், உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

எழுத்து வேலைக்கு வருவோம். வார்டுக் குறிப்பு எழுத இலக்கிய பிரெஞ்சு தேவையில்லை. குறி, தகவல், செயல், விளைவு என்று ஒரு சட்டம் இருக்கிறது, அதற்குள் எழுதினால் போதும். குறி: வலி. தகவல்: வலது முழங்கால், 10க்கு 7, நடந்தால் அதிகம், "மி கேஞ் பா மார்ஷே" என்கிறார். செயல்: எழுதியுள்ளபடி பாராசிட்டமால் 1 கிராம், 14 மணி. விளைவு: 15 மணிக்கு 10க்கு 3. இவ்வளவுதான். 'கொஞ்சம் பரவாயில்லை' போன்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி நோயாளி தன் கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம், அதையும் மனதில் வைத்து எழுதுங்கள்.

கஷ்டமான எழுத்து கடைசி வருஷம் வரும் ஆய்வுக் கட்டுரை. வார்டில் பார்த்த ஒன்றிலிருந்து கேள்வி எடுத்து, படித்து, ஆட்களைச் சந்தித்து எழுதி, பிறகு நடுவர்கள் முன் வாய்மொழியாகப் பேச வேண்டும். அங்கே நான் முட்டி நின்றேன். முதலில் தமிழில் யோசித்து மொழிபெயர்த்தேன். வாக்கியம் ஒவ்வொன்றும் ரயில் மாதிரி நீண்டு, வினைச்சொல் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்திருந்தது. வழிகாட்டி ஆசிரியை ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பாக்கிவிட்டு, "ஒரு வாக்கியம், ஒரு விஷயம்" என்று ஓரத்தில் எழுதினார். கேள்வியையும் வாதத்தையும் தமிழில் பேசித் தெளிவாக்கிக்கொண்டு, எழுதும்போது பிரெஞ்சில் சின்னச் சின்னதாகத் தொடங்கியபின்தான் நகர்ந்தது.

"வீட்டில் தமிழை நிறுத்து, எந்நேரமும் பிரெஞ்சு பேசு" என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கு மாமியார் சொன்னார். பத்து நாள் செய்து பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரம் அந்நிய பாஷையில் நின்றுவிட்டு வந்து, வீட்டிலும் அதிலேயே "உப்பு எங்கே" என்று கேட்டால் மூளை கொதிக்கிறது. வீட்டில் தமிழ் பேசுங்கள். பிரெஞ்சுக்குத் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ரேடியோவில் செய்தி கேட்டு, கேட்டதை எழுதுங்கள். வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் முடித்துவிடலாம். பி 1க்கு அடுத்த படியான பி 2 கையில் வராமல் எந்தப் படிப்பிலும் குதிக்காதீர்கள், நேர்காணலிலேயே தெரிந்துவிடும்.

ஒன்றே ஒன்று செய்யக் கூடாது. ஷிப்ட் மாறும்போது சொல்லும் தகவல் வேகமாகப் போகிறது என்று போனில் பதிவு செய்து வீட்டில் போட்டுக் கேட்க ஆசை வரும். கோப்பைப் படம் எடுக்கவும் தோன்றும். வேண்டாம். தொழில் ரகசியத்தை மீறினால் ஒரு வருஷம் சிறை, 15,000 யூரோ அபராதம் வரை தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது. நோட்டில் எழுதும் சொற்களோடு நோயாளி பெயரைச் சேர்க்காதீர்கள்.

பணம். ஸ்தாஜுக்கு வாரத்துக்கு முதலாண்டு 36 யூரோ, இரண்டாமாண்டு 46, மூன்றாமாண்டு 60. இது 2020இல் உயர்த்திய தொகை, வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது. பிராந்திய அரசின் உதவித்தொகைக்குச் சேரும்போதே விண்ணப்பியுங்கள். முதலாண்டு தேறியவர்கள் விடுமுறையில் எத் சுவாஞாந்தாக வேலை பார்க்க முடியும், நான் பார்த்த மாணவிகள் நிறையப் பேர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். வண்டி ஓட்டத் தெரியாதென்றால் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். ஸ்தாஜ் சேன் போலில் விழுந்தால் சேன் பியேரிலிருந்து காலை ஆறரைக்குப் போய் நிற்க பஸ்ஸை நம்ப முடியாது.

சரி, இப்போதைக்கு உங்களுக்கு வேலை இரண்டு. பி 2 பரீட்சைக்குப் பெயர் கொடுங்கள். சேன் பியேர் இஃப்சியில் பள்ளியைப் பார்க்க வருபவர்களுக்குத் திறந்துவிடும் நாள் எப்போது என்று கேட்டு நேரில் போங்கள். போகும்போது தலையை ஆட்டாமல் வாய்திறந்து நாலு கேள்வி கேளுங்கள். கடையில் நாலு நிறம் எழுதும் பிக் பேனா ஒன்று வாங்கிவையுங்கள். இங்கே நர்ஸ் என்றால் பாக்கெட்டில் அது இருக்கும், சில வார்டுகளில் பகலுக்கு ஒரு நிறம், இரவுக்கு ஒரு நிறம் என்று எழுதுவார்கள். பேனாவில் பெயரை ஒட்டிவிடுங்கள். டாக்டர்கள் இரவல் கேட்பார்கள், திரும்ப வராது.